மோட்டார் ரூமில் பூல் கெமிக்கல், நாற்பது அடியில் ஊராட்சிக் குடிநீர்க் கிணறு: எங்கே மாற்றி வைப்பது?

தோப்புக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். ஒடுகத்தூர் பக்கம் எங்களுக்கு ஒரு தென்னந்தோப்பு இருக்கிறது. அதில் நாலு அறையும் ஒரு நீச்சல்குளமும் கட்டி, சனி ஞாயிறில் வேலூர், பெங்களூரிலிருந்து வரும் குடும்பங்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். குளம் 12 மீட்டருக்கு 6 மீட்டர், ஆழம் சராசரியாக 4 அடி. கட்டியது என் மாமனார், பார்த்துக்கொள்வது நான்.

கிழக்கு வேலிக்கு அந்தப் பக்கம் ஊராட்சியின் குடிநீர்க் கிணறு. சுற்றுச்சுவர் எழுப்பி, மேலே கம்பி வலை போட்டு, கேட் வைத்துப் பூட்டி, ‘பாதுகாக்கப்பட்ட குடிநீர்’ என்று போர்டு மாட்டியிருக்கிறார்கள். எங்கள் ஊருக்குக் காவிரிக் கூட்டுக்குடிநீர் வருகிறது என்றாலும், அது வராத நாளில் மேல்நிலைத் தொட்டிக்கு ஏறுவது இந்தக் கிணற்றுத் தண்ணீர்தான். எங்கள் மோட்டார் ரூம் அந்த வேலியை ஒட்டி இருக்கிறது. கிணற்றுக்கும் அதற்கும் நாற்பது அடி இருக்கலாம். நிலம் எங்கள் பக்கமிருந்து கிணற்றுப் பக்கம் லேசாகச் சரியும்.

பூல் கெமிக்கல் எல்லாம் அந்த மோட்டார் ரூமில்தான். 65 சதவீதக் குளோரின் பவுடர் (கால்சியம் ஹைப்போகுளோரைட்) 45 கிலோ டிரம் இரண்டு, டி.சி.சி.ஏ. மாத்திரை (இதுவும் ஒரு வகைக் குளோரின்தான்) 50 கிலோ டிரம் ஒன்று, ஆசிட் 35 லிட்டர் கேன் நாலு, பாசிக்கு மயில்துத்தம் ஒரு மூட்டை, படிகாரம் ஒரு மூட்டை. மொத்தமாக எடுத்தால் வண்டி வாடகை வேண்டாம் என்று கடைக்காரர் சொன்னதால் சேர்த்து வாங்கியது. கூடவே தோப்புக்கு வேண்டிய யூரியா, டீசல் கேன், கிரீஸ் டப்பா. மேலே சிமெண்ட் ஷீட், இரண்டு இடத்தில் ஒழுகும். மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டி வேறு இப்போதெல்லாம் சீக்கிரம் துருப்பிடிக்கிறது.

போன வாரம் வார்டு உறுப்பினர் அம்மாவும் டேங்க் ஆபரேட்டரும் வந்து பார்த்தார்கள். சண்டை எல்லாம் இல்லை. “மழை பிடிக்கிறதுக்குள்ள இதை இங்கேருந்து எடுத்துடுப்பா” என்று சொல்லிவிட்டு மோர் குடித்துவிட்டுப் போனார்கள். எடுப்பதில் எனக்கு ஒன்றும் இல்லை. எங்கே வைப்பது, எப்படி வைப்பது? எத்தனை அடி தள்ளினால் போதும்? வேறு அறை கட்டத்தான் வேண்டுமா, இதிலேயே தரையை சிமெண்ட் பூசி வரம்பு கட்டினால் ஆகாதா?

ஓட்டேரிக்காரர்:

தம்பி, நான் குடிநீர்ப் பிரிவில், ஃபில்டர் ஹவுஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். குளோரின், பிளீச்சிங் பவுடர், படிகாரம் மூன்றோடும்தான் என் காலம் போனது. எத்தனை அடி என்று கேட்டீர்கள். அதற்கு முன்னால் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

உங்கள் குளம் 12க்கு 6, ஆழம் 1.2 மீட்டர் என்று வைத்தால் 86,400 லிட்டர். லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் ஏற்ற 173 கிராம் குளோரின் வேண்டும். 65 சதவீதப் பவுடரில் அது சுமார் 266 கிராம், கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். நம் ஊர் கத்திரி வெயிலில் குளோரின் நிற்காது, அதனால் இரட்டிப்பாக்கி அரை கிலோ என்றே வையுங்கள். தினமும் போட்டாலும் மாதத்துக்கு 15 கிலோ. ஒரு டிரம்மே உங்களுக்கு மூன்று மாதத்துக்கு வரும். நீங்கள் இரண்டு டிரம் வைத்திருக்கிறீர்கள், அதற்கு மேல் 50 கிலோ மாத்திரை. ஆக, எங்கே வைப்பது என்பதைவிட, இவ்வளவை எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்றுதான் நான் கேட்பேன். வண்டி வாடகை மிச்சம் என்று வாங்கியது அந்த ஷீட்டுக்கு அடியில் வெந்து வீரியம் குறைந்துகொண்டிருக்கும். ஸ்டார்ட்டர் துருப்பிடிக்கிறது என்றீர்களே, அதுவே சாட்சி. ஏதோ ஒரு மூடி சரியாக மூடவில்லை, ஆசிட் ஆவியோ குளோரினோ அந்த அறையில் சதா உலாவுகிறது. அந்தக் காற்றைத்தான் மோட்டார் போடப் போகிற ஆளும் சுவாசிக்கிறார்.

இனி தூரம். பொது சுகாதாரப் புத்தகங்களில் கிணற்றுக்கும் கழிப்பறைக் குழிக்கும் 15 மீட்டர், அதாவது 50 அடி இடைவெளி சொல்வார்கள். அது கிருமிக்குச் சொன்ன கணக்கு. மண்ணில் ஊறிப் போகும்போது கிருமி வடிகட்டப்படும், சாகும். உப்புக்கும் ஆசிட்டுக்கும் அந்தக் கணக்கு செல்லாது. அதிலும் பாலாற்றங்கரையை விட்டு உள்ளே வந்தால் நம் பக்கம் முக்கால்வாசி கெட்டிப் பாறைதான். மேல்மண் பத்துப் பதினைந்து அடி, கீழே பாறை, பாறையில் வெடிப்பு. வெடிப்பு எந்தப் பக்கம் ஓடுகிறதோ தண்ணீர் அந்தப் பக்கம் ஓடும். நூறு அடி தள்ளி வைத்தும் கிணற்றுக்கு வரலாம், நாற்பது அடியில் இருந்தும் வராமல் போகலாம். ஆகவே டேப் பிடித்து அளப்பதை விடுங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் சரிகிறது என்று பாருங்கள். கிணற்றுப் பக்கம் சரியாத இடம், அதாவது உங்கள் மேற்கு அல்லது ரோட்டுப் பக்கம், அதுதான் இடம்.

மோட்டார் ரூமிலேயே வரம்பு கட்டலாமா என்றால், வேண்டாம். ஒழுகும் கூரை, மின்சாரம், டீசல், யூரியா, கிணற்றுச் சரிவு என்று எல்லாமே தப்பாக அமைந்த இடம் அது. போதாததற்கு நீங்கள் கட்டும் சிமெண்ட் வரம்பை ஆசிட் கேன் ஒழுகினால் ஆசிட்டே தின்றுவிடும். கழிப்பறைத் தரையில் ஆசிட் ஊற்றினால் நுரைத்துப் பொங்குமே, அதேதான் இங்கேயும் நடக்கும். ஆசிட்டுக்கு அடியில் கெட்டிப் பிளாஸ்டிக் தொட்டிதான் வைக்க வேண்டும். ஒரு முழு கேன் உடைந்து கொட்டினாலும் வழியாத அளவுக்கு அது பெரிதாக இருக்க வேண்டும்.

கூழாங்கல்:

எனக்கு ஒன்று புரியவில்லை. கிணற்றுத் தண்ணீரிலேயே ஊராட்சி பிளீச்சிங் பவுடர் கலந்துதானே ஏற்றுகிறது? அதையேதான் இவரும் வைத்திருக்கிறார். இதற்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்? பாலாற்றில் தோல் கழிவு ஓடியபோது வராத அக்கறை ஒரு டப்பா குளோரினுக்கு வருகிறது.

அம்முண்டி டீச்சர்:

கூழாங்கல் சார், கேள்வி நியாயமானதுதான். பள்ளியில் பிள்ளைகளும் இதையே கேட்பார்கள். குடிநீரில் மிச்சக் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. மில்லிகிராமில் மருந்தாக இருப்பது கிலோக் கணக்கில் அப்படி இருக்காது. இன்னொன்று, பவுடர் மட்டும் மண்ணில் சிந்தினால் நானும் அவ்வளவு பயப்பட மாட்டேன். மண்ணிலிருக்கும் மக்கோடு வினைபுரிந்து சீக்கிரம் செலவாகிவிடும். உப்பு மட்டும் மிஞ்சும்.

பயம் ஆசிட்டில்தான். நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஊராட்சிக் கிணறு 6 மீட்டர் விட்டம், தண்ணீர் 3 மீட்டர் என்று வைத்தால் 85,000 லிட்டர். வேடிக்கை என்னவென்றால், அது இவருடைய குளத்தின் அளவேதான். 30 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் 35 லிட்டர் கேன் ஒன்று முழுதும் அதில் போய்ச் சேர்ந்தால், சுமார் 12 கிலோ அமிலம். லிட்டருக்குக் குளோரைடு 138 மில்லிகிராம் ஏறும். குடிநீரில் ஏற்கத்தக்க குளோரைடு அளவே 250. கிணற்றில் முன்பே 150 இருந்தால் ஒரே கேனில் அளவு தாண்டிவிடும். கொதிக்க வைத்தாலும் உப்பு போகாது, கிணற்றை இறைத்துத்தான் தீர வேண்டும். நாலு கேனும் போனால் கதையே வேறு. நம் பக்கத்துத் தண்ணீரில் இருக்கும் காரத்தன்மை ஒரு கேனைத் தாங்கும். நாலு கேனுக்கு அதனால் ஈடுகொடுக்க முடியாது. தண்ணீர் புளித்துவிடும். குழாய், வால்வு, மோட்டார் எல்லாவற்றிலும் உள்ள உலோகம் கரையத் தொடங்கும்.

சரி, நாலு கேனும் சிந்தாமல் நேராகக் கிணற்றுக்குள் போகாது என்பது எனக்கும் தெரியும். மண்ணிலும் பாறையிலும் பாதி செலவாகலாம். ஆனாலும் ஒரு மழைநாளில் எது எங்கே போகும் என்று யாரால் சொல்ல முடியும்?

தோல் கழிவு விஷயத்தில் உங்கள் கோபம் புரிகிறது. நம் மாவட்டத் தோல் தொழிற்சாலைகளை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில்தான் 1996இல் சுப்ரீம் கோர்ட் இரண்டு விஷயத்தை அழுத்தமாகச் சொன்னது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும். கெடுதல் வரும் என்று முழுசாக நிரூபணம் ஆகும்வரை காத்திருக்காமல் முன்னாலேயே தடுக்க வேண்டும். பெரிய தொழிற்சாலைக்குச் சொன்னதைத் தோப்பு வீட்டுக்காரர் தானாகச் செய்கிறேன் என்று வந்திருக்கிறார். அவரைக் கேலி பண்ண வேண்டாமே.

சிப்காட் ஷிஃப்ட்:

ராணிப்பேட்டையில் கெமிக்கல் ஸ்டோரில் வேலை. தண்ணீர் பற்றிப் பெரியவரும் டீச்சரும் சொல்லிவிட்டார்கள். எனக்கு அந்த ரூம் பட்டியலைப் படித்ததும் தூக்கம் போய்விட்டது சார். ஒரே அறையில் கால்சியம் ஹைப்போகுளோரைட், டி.சி.சி.ஏ., ஆசிட், யூரியா, டீசல், கிரீஸ். தப்பான கூட்டணிகள் எத்தனை உண்டோ அத்தனையும் இருக்கிறது.

ஆசிட்டும் குளோரின் பவுடரும் கலந்தால் குளோரின் வாயு. அது காற்றைவிட இரண்டரை மடங்கு கனம். மேலே போகாது, தரையோடு படர்ந்து பள்ளத்தில் இறங்கும். கிணற்றுப் பக்கம் சரிவு என்றால் வாயுவும் அந்தப் பக்கம்தான் போகும், அங்கே டேங்க் ஆபரேட்டர் நிற்பார். டி.சி.சி.ஏ. மாத்திரையும் கால்சியம் ஹைப்போகுளோரைட்டும் இரண்டுமே குளோரின்தானே என்று நினைப்பார்கள். ஈரம் பட்டு இரண்டும் கலந்தால் வெடிக்கும். ஒரே கரண்டியில் இரண்டையும் அள்ளுவதே ஆபத்து. யூரியாவோடு குளோரின் சேர்ந்தால் நைட்ரஜன் டிரைகுளோரைடு, அதுவும் வெடிக்கிற சாதி. டீசல், கிரீஸ், பிரேக் ஆயில் பவுடரில் பட்டால் நெருப்பு காட்டாமலேயே பற்றிக்கொள்ளலாம்.

தீ என்று வந்தால் இன்னொரு சிக்கல். எல்லோரும் சிவப்பு நிற ஏ.பி.சி. பவுடர் சிலிண்டர் மாட்டி வைத்திருப்பார்கள். அதில் அம்மோனியம் உப்பு இருக்கிறது, குளோரின் கெமிக்கல் மேல் அடிக்கக் கூடாது. இதற்குத் தண்ணீர்தான், அதுவும் நிறைய. கொஞ்சமாகத் தெளித்தால் நிலைமை மோசமாகும். 2024 செப்டம்பர் 29ஆம் தேதி அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலம் கான்யர்ஸ் ஊரில் ஒரு பூல் கெமிக்கல் கிடங்கில் தீயணைப்புத் தெளிப்பான் கோளாறாகித் தண்ணீர் கொட்டி, சரக்கு நனைந்து புகை கிளம்பி, சுமார் 17,000 பேரை ஊரைவிட்டு வெளியேறச் சொன்னார்கள். முதலில் அங்கே நெருப்பு இல்லை. சரக்கு நனைந்ததில்தான் எல்லாம் தொடங்கியது. உங்கள் கூரை இரண்டு இடத்தில் ஒழுகுகிறது என்று நீங்கள் சாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள்.

அப்புறம், நிறையத் தண்ணீர் அடித்தால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? 1986 நவம்பர் 1ஆம் தேதி சுவிட்சர்லாந்தில் பாசல் பக்கத்தில் ஒரு கெமிக்கல் கிடங்கு எரிந்தது. அணைக்க அடித்த தண்ணீர் பூச்சிமருந்தைக் கழுவிக்கொண்டு ரைன் நதியில் இறங்கியது. ஆறு சிவப்பாக ஓடியது, விலாங்கு மீன் கூட்டம் கூட்டமாகச் செத்தது. ஆகவே பெரியவர் சொன்ன ‘கம்மியாக வை’ என்பதுதான் கிணற்றுக்கும் நல்லது, தீக்கும் நல்லது. 15 கிலோ பற்றினால் வேறு, 140 கிலோ பற்றினால் வேறு.

காட்பாடி பூல் சர்வீஸ்:

நான் காட்பாடி, வேலூர், ஏலகிரி என்று சுற்றிப் பூல் சர்வீஸ் செய்கிறேன். எல்லோரும் பயமுறுத்திவிட்டீர்கள், கொஞ்சம் நடைமுறையும் பேசலாம். அண்ணா, டி.சி.சி.ஏ. டிரம் பிரிக்கவில்லை என்றால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உங்கள் அளவுக் குளத்துக்கு அது தேவை இல்லை. அதில் ஸ்டெபிலைசர் (வெயிலில் குளோரின் சீக்கிரம் போகாமல் பிடித்துவைக்கும் பொருள்) இருக்கிறது, போடப் போடத் தண்ணீரில் சேர்ந்துகொண்டே போகும், ஒரு கட்டத்தில் பாதித் தண்ணீரை வெளியே விட்டால்தான் சரியாகும். அவ்வளவு தண்ணீரைக் கிணற்றுப் பக்கத்தில் எங்கே விடுவீர்கள்?

பவுடருக்குப் பதில் லிக்விட் குளோரின், அதுதான் சோடியம் ஹைப்போ, எடுத்தால் என்ன என்று பெரியவரைக் கேட்கிறேன். தானாகப் பற்றிக்கொள்கிற பயம் இல்லை, அளவாகச் செலுத்தும் டோசிங் பம்ப்பில் நேராகப் போய்விடும். நான் பார்க்கிற பாதிப் பூல்களில் அதுதான்.

ஆள் பழக்கம் ஒன்று சொல்கிறேன். வேலூரில் ஒரு லாட்ஜ் பூலில் நடந்தது. தரையில் கொஞ்சம் ஆசிட் சிந்திவிட்டது. வேலைக்காரப் பையன் சுண்ணாம்பு தூவினால் அடங்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, மூலையில் இருந்த வெள்ளைப் பவுடரை அள்ளிப் போட்டான். அது பிளீச்சிங் பவுடர். மூன்று பேர் இருமிக்கொண்டே வெளியே ஓடினார்கள், ஒருவரை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். தெருவோரம் சுண்ணாம்பையும் பிளீச்சிங்கையும் ஒன்றாகக் கலந்து கோடு போடுவதைப் பார்த்துப் பார்த்து, நம் ஆட்களுக்கு இரண்டும் ஒன்று என்றே மனதில் பதிந்துவிட்டது. டப்பா மேல் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி ஒட்டுங்கள். ஆங்கில லேபிளை யாரும் படிப்பதில்லை.

ஓட்டேரிக்காரர்:

பூல் தம்பி கேட்டது நல்ல கேள்வி. தீ பயத்துக்கு மட்டும் என்றால் நானும் லிக்விட் என்றுதான் சொல்வேன். ஆனால் இங்கே விஷயம் கிணறு. பவுடர் சிந்தினால் உலர்ந்த துடைப்பத்தால் கூட்டி அள்ளலாம், சுத்தமாக இருந்தால் குளத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடலாம். லிக்விட் சிந்தினால் கூட்ட முடியுமா? சரிவு பார்த்து ஓடும். அதோடு நம் ஊர் வெயிலில் ஹைப்போ நாளுக்கு நாள் நீர்த்துப் போகும், ஆக்சிஜன் விடும், இறுக்கி மூடிய கேன் உப்பும். சென்னையில் கடற்கரை ஓட்டலுக்கு அது சரி. கிணற்றை ஒட்டிய தோப்புக்கு என் ஓட்டு பவுடருக்குத்தான், அதுவும் சின்ன டப்பாவில்.

அதே நியாயம் ஆசிட்டுக்கும். குளத்தின் பி.எச். (தண்ணீரின் அமில-கார அளவு) இறக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான் வேண்டும் என்று இல்லை. சோடியம் பைசல்பேட் என்று தூளாகக் கிடைக்கும், பூல் கடைகளில் ‘டிரை ஆசிட்’ என்று கேட்டால் தருவார்கள். விலை கூடத்தான். ஆனால் கேன் உடைந்து ஓடுகிற கவலை போகும், ஆவி வராது, ஸ்டார்ட்டரும் பிழைக்கும். தூளாக இருந்தாலும் அதுவும் அமிலம்தான், குளோரினோடு ஒரே அலமாரியில் சேராது.

இப்போது அறை. செலவு பெரிதாக வராது. ரோட்டுப் பக்கம், மேடான இடத்தில் ஹாலோ பிளாக் வைத்து இரண்டு சின்ன அறை, நடுவில் முழுச் சுவர், தனித்தனிக் கதவு. ஒன்றில் குளோரின் பவுடர் மட்டும். இன்னொன்றில் ஆசிட் வகையும் படிகாரமும். தரையை நிலமட்டத்துக்கு இரண்டு அடி மேலே தூக்குங்கள். 2021 நவம்பரில் பாலாறு என்ன ஆட்டம் ஆடியது என்று நாம் எல்லோரும் பார்த்தோம். உத்திரகாவேரி ஆற்றங்கரையில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாசலில் நாலு அங்குலம் படி மாதிரித் திண்டு எழுப்பினால் உள்ளே சிந்தியது உள்ளேயே நிற்கும். தண்ணீர் வெளியேற ஓட்டை வைக்கிறேன் என்று கொத்தனார் வழக்கம்போல் ஆரம்பிப்பார், விடாதீர்கள். அந்த அறைக்குக் கழிவுநீர் ஓட்டை கூடாது. காற்றுக்கு வழி மேலேயும் வேண்டும், தரையை ஒட்டியும் வேண்டும். வாயு கனம் என்று சிப்காட் தம்பி சொன்னார் அல்லவா, மேலே மட்டும் ஜன்னல் வைத்தால் அது கீழேயே தங்கும். தரையை ஒட்டிய காற்றுத் துவாரத்தை அந்தத் திண்டுக்கு மேலே வையுங்கள், இல்லாவிட்டால் திண்டு வீண். டிரம் தரையில் படாமல் பிளாஸ்டிக் பேலட் (அடித்தட்டு) மேல். மரப் பலகை வேண்டாம், பவுடர் சிந்தினால் மரம் எரிகிற பொருள். கூரை ஷீட்டாக இருந்தால் மேலே தென்னங்கீற்று வேய்ந்துவிடலாமா என்று தோன்றும். சூட்டுக்கு நல்லதுதான், தீக்கு ஆகாது. வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள், அல்லது சின்னதாகக் கான்கிரீட்டே போட்டுவிடுங்கள்.

குழாய் உள்ளே வேண்டாம், வெளியே கதவுக்குப் பக்கத்தில் கட்டாயம் வேண்டும். கண்ணில் பட்டால் ஓடி வந்து கழுவ. தூளை அளக்கும்போது எப்போதும் வாளியில் தண்ணீரை எடுத்துக்கொண்டு அதில் தூளைப் போட வேண்டும். தூள் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது.

மயில்துத்தத்தை விட்டுவிடுங்கள். குளோரின் ஒழுங்காக இருந்தால் பாசி வராது. மயில்துத்தம் மீனுக்கு விஷம். உங்கள் கிணற்றில் கொசுவுக்காகக் கம்பூசியா மீன் விட்டிருக்கிறார்களா என்று ஆபரேட்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

கூழாங்கல்:

டீச்சர், நான் கேலி பண்ணவில்லை. கேட்கத்தான் கேட்டேன். ஒரு கேனில் 138 ஏறும் என்பது எனக்குத் தெரியாது. சரி, அப்படியென்றால் இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். இவர் அந்தக் குளத்துத் தண்ணீரை, ஃபில்டர் பேக்வாஷ் தண்ணீரை (ஃபில்டரைத் திருப்பி ஓட்டிக் கழுவிய தண்ணீரை) இப்போது எங்கே விடுகிறார்? ஸ்டோரைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருக்கிறோம், வாரா வாரம் போவது அதுதானே?

தோப்புக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. படித்ததும் முதல் வேலையாக யூரியாவையும் டீசலையும் மோட்டார் ரூமிலிருந்து எடுத்து மாட்டுக் கொட்டகைப் பக்கம் போட்டுவிட்டேன். டி.சி.சி.ஏ. டிரம் சீல் பிரிக்கவில்லை, கடைக்காரர் எடுத்துக்கொள்கிறேன் என்கிறார், வண்டி வாடகை மட்டும் என் தலையில். ஆசிட்டில் மூன்று கேன் பிரிக்காதது. அதை ஒடுகத்தூரில் இன்னொரு பூல் வைத்திருப்பவர் வாங்கிக்கொள்கிறார். அறைக்கு ரோட்டுப் பக்கம் இடம் பார்த்தாயிற்று. மாமனாருக்கு அது வாஸ்து மூலை என்று ஒரு மனக்குறை, பேசிக்கொள்ளலாம்.

கூழாங்கல் சார் கேட்டது சரியான இடத்தில் குத்துகிறது. பேக்வாஷ் தண்ணீர் இதுவரை கிழக்கு வாய்க்காலில்தான் போகிறது. அதே வேலி, அதே சரிவு. அதைத் தென்னைக்குத் திருப்பலாமா? வாழையும் கொஞ்சம் இருக்கிறது. ஃபில்டர் மேற்குப் பக்கம் இருப்பதால் பைப் போடுவது சுலபம். இன்னொன்று, அறை கட்டி முடிக்கும்வரை இரண்டு டிரம் பவுடரையும் ஒரு கேனையும் எங்கே வைப்பது?

அம்முண்டி டீச்சர்:

தென்னைக்குத் தாராளமாக விடலாம். தென்னை குளோரைடை விரும்பும் மரம், உரமாகவே உப்புப் போடுவார்கள். வாழைக்கு வேண்டாம், உப்பு தாங்காது, இலை ஓரம் கருகும். ஒரே மரத்தடியில் கொட்டாமல் மாற்றி மாற்றி விடுங்கள். விடுவதற்கு முன்னால் ஒரு திறந்த தொட்டியில் இரண்டு நாள் வெயிலில் கிடந்தால் குளோரின் போய்விடும். ஸ்டெபிலைசர் இல்லாத தண்ணீர் என்றால் வெயிலே வேலையை முடித்துவிடும், அதற்காகவும் டி.சி.சி.ஏ. வேண்டாம். அவசரமாக விட வேண்டி வந்தால் சோடியம் தயோசல்பேட் கொஞ்சம் கரைத்தால் குளோரின் உடனே அடங்கும்.

ஓட்டேரிக்காரர்:

அறை முடியும்வரை: பவுடர் ஒரு டிரம்மைக் கடைக்காரர் வண்டியிலேயே திருப்பி அனுப்புங்கள், வாடகை எப்படியும் கொடுக்கிறீர்கள். இன்னொன்றை விருந்தினர் அறைப் பக்கம் இல்லாமல், மேற்குத் தாழ்வாரத்தில் மழை படாத நிழலில், பேலட் மேல் பூட்டிய கூண்டுக்குள். ஆசிட் கேன் அதிலிருந்து எதிர்க்கோடியில், பிளாஸ்டிக் தொட்டிக்குள். டிரம்மையும் கேனையும் ஒரே நாளில் ஒரே ஆள் ஒரே தள்ளுவண்டியில் ஏற்றி எடுத்துப் போக வேண்டாம்.

டேங்க் ஆபரேட்டரிடம் குளோரோஸ்கோப் (தண்ணீரில் குளோரின் எவ்வளவு என்று பார்க்கும் சின்னக் கருவி) இருக்கும். கிணற்றுத் தண்ணீரைப் பவுடர் கலப்பதற்கு முன்னால் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். அதில் குளோரின் காட்டக் கூடாது. ஊராட்சி தண்ணீர் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பும்போது குளோரைடு, பி.எச். இரண்டும் என்ன வந்தது என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இப்போதே ஒரு அளவு கையில் இருந்தால், நாளைக்கு யாராவது உங்கள் பூலால்தான் தண்ணீர் உப்பாயிற்று என்று சொன்னாலும் பேச ஒரு காகிதம் இருக்கும். புது அறை எங்கே, உள்ளே என்ன எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி வார்டு உறுப்பினர் அம்மாவிடமும் ஆபரேட்டரிடமும் கொடுங்கள். தீயணைப்பு வண்டி எங்கிருந்து வந்தாலும், முதலில் அவர்கள் கேட்பது அதுதான்.

சிப்காட் ஷிஃப்ட்:

அந்தத் தாளில் ‘ஏ.பி.சி. பவுடர் அடிக்க வேண்டாம், தண்ணீர் மட்டும்’ என்ற ஒரு வரியையும் சேர்த்துக் கதவு மேலும் ஒட்டிவிடுங்கள் சார். யூரியா மாட்டுக் கொட்டகையில் மாடு எட்டாத உயரத்தில் இருக்கட்டும், நக்கினால் மாடு போய்விடும்.